பழைய ஸ்விஃப்ட், கையில 45,000 ரூபாய்: பிக்கப்பா, பாட்டா?

வண்ணை_வண்டி:

வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 82,000 கி.மீ. ஓடியிருக்கு. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் தினமும் போய் வரணும். கன்டெய்னர் லாரிக்கு நடுவுல செகண்ட், தேர்டுன்னு கியர் மாத்தியே பொழுது போகுது. ஏசி போட்டா இழுவை குறையுது. பாட்டு செட் மட்டும் ஆண்ட்ராய்டு, ஸ்பீக்கரெல்லாம் பழசுதான்.

கடையில விசாரிச்சா கோன் ஃபில்டர் (திறந்த ஏர் ஃபில்டர்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தறது), 12 இன்ச் சப்வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்)னு ஒரே மூச்சில ஒப்பிக்கிறாங்க. எதை முதல்ல செய்யறது? வீட்லயே எது முடியும்? ஷெட் கிடையாது, தெருவுலதான் நிறுத்தறேன். சாக்கெட் செட், மல்டிமீட்டர், ட்ரில், ஜாக் இருக்கு. 35 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஆம்ப்ளிஃபயரைத் தாங்குமா?

பெரம்பூர்_பிஸ்டன்:

கோன் ஃபில்டரை மறந்துடுங்க. கம்பெனி ஃபில்டர் பாக்ஸ் வெளிக்காத்தை இழுக்குது. திறந்த கோன் பேனட்டுக்குள்ள சூடான காத்தை இழுக்கும். 35 டிகிரி காத்து 55 டிகிரி ஆனா அடர்த்தி 6 சதவீதம் குறையும். நம்ம ஊர் டிராஃபிக்ல நின்னு நின்னு போற வண்டிக்கு அது லாபமில்ல, நஷ்டம். கூடறது சத்தம் மட்டும்தான், காது அதை பிக்கப்னு நம்பிடும். பைப்பை பம்பருக்குக் கீழே இறக்கி குளிர்ந்த காத்து எடுக்கலாம்னு சொல்வாங்க. நம்ம ஏரியா சுரங்கப்பாதையில ஒரு மழைக்கு நிக்கிற தண்ணியை நினைச்சுப் பாருங்க. சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதுக்கு அப்புறம் எஞ்சினைப் பிரிக்கற செலவு 45,000-த்துல அடங்காது. பேப்பர் ஃபில்டரே போதும். எண்ணூர் ரோட்ல நிலக்கரித் தூசும் லாரிப் புழுதியும் ஜாஸ்திங்கறதால 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை திறந்து பாருங்க, கருப்பா இருந்தா மாத்துங்க.

ஏசி போட்டா இழுவை குறையறது சின்ன எஞ்சின்ல ஓரளவு இயல்பு. ஆனா 82,000-ல வேற நாலு இடத்தைப் பார்க்காம காசு செலவு பண்ணாதீங்க.

முதல்ல பிரேக் பிடிச்சு நிக்குதான்னு பாருங்க. ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு, மத்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு பின் சக்கரமா தூக்கிக் கையால சுத்துங்க. லேசா உரசினா பரவாயில்ல. தள்ளினதும் நின்னுபோனா டிரம்முக்குள்ள லைனரோ வீல் சிலிண்டரோ சிக்கியிருக்கு. கடல் ஓரம் ஓடற வண்டியில ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளுக்குள்ளயே துரு பிடிச்சுத் திரும்பாம இருக்கறது ரொம்ப சகஜம்.

அடுத்தது கிளட்ச். காலி ரோட்ல நாலாவது கியர்ல 40-ல போய் ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்துங்க. ஸ்பீடு ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறினா கிளட்ச் வழுக்குது. அப்படி இருக்கற வண்டிக்கு ரீமேப் போட்டா மிச்சமிருக்கற தகடும் சீக்கிரம் போயிடும்.

ஸ்பார்க் பிளக் நாலும் மாத்தின ஞாபகம் இல்லைன்னா மாத்திடுங்க. எஞ்சின் ஆறின பிறகுதான் கழட்டணும், அலுமினிய ஹெட்டு. சூட்ல கழட்டினா மரை பிஞ்சு வரும். புதுசைக் கையால நாலு சுத்து ஏத்தின பிறகுதான் ஸ்பேனர். த்ராட்டில் பாடியை கிளீனர் நனைச்ச துணியால துடைக்கலாம். உள்ள இருக்கற பட்டர்ஃப்ளை தகட்டை விரலால அழுத்தித் திறக்காதீங்க, மோட்டார் கியர் உள்ள வகையா இருந்தா உடைஞ்சிடும்.

இதெல்லாம் முடிச்சா டயர். உங்க சைஸ் 165/80 ஆர்14. அதே ரிம்ல 185/70 ஆர்14 உட்காரும், விட்டம் 620 மி.மீ.லேருந்து 615 ஆகும், ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் மாறும். மழையில பிடிப்பு நல்லா வித்தியாசம் தெரியும், மைலேஜும் ஸ்டியரிங் லேசும் கொஞ்சம் குறையும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கறதெல்லாம் வேண்டாம். 170 மி.மீ. கிளியரன்ஸ் இருக்கும்போதே நாலு பேர் உட்கார்ந்தா நம்ம ஸ்பீடு பிரேக்கர் அடி தட்டுது.

பிரேக் ஆயிலும் மாத்துங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருஷம் போனா கொதிநிலை இறங்கிடும். டாட் 4 தர ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறினா 155-தான் உத்தரவாதம். டாட் 3 இருக்கற வண்டியில டாட் 4 ஊத்தலாம். அரை லிட்டர் டின் ரெண்டு வாங்கி வையுங்க, பிரிச்சு வெச்ச பழைய டின்னை எடுக்காதீங்க. தெருவுல ஜாக் மேல மட்டும் நிறுத்திட்டு அடியில கை விடாதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

ராயபுரம்_ஆர்பிஎம்:

ரீமேப்பை அப்படியே தள்ளிட முடியாது பா. டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளற) வண்டியில அது நிஜமாவே வேற வண்டி மாதிரி ஆக்கும்.

பெரம்பூர்_பிஸ்டன்:

டர்போவுக்குச் சரி, பூஸ்ட் ஏத்த இடம் இருக்கு. இது டர்போ இல்லாத 1,197 சிசி. உள்ள போற காத்து அவ்வளவுதான், அதுக்கு மேல மேப் என்ன பண்ணும்? ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் த்ராட்டில் வேகமா திறக்கற மாதிரி மாத்தி, பவர் கூடின உணர்வைக் கொடுப்பாங்க. அந்தக் காசுல டயர் வந்துடும்.

காசிமேடு_கிராஸ்ஓவர்:

ஆடியோ பக்கம் நான் சொல்றேன். பட்ஜெட்ல டயர், பிரேக், பிளக் போக 18,000-லேருந்து 20,000 மிஞ்சும்னு வெச்சுக்கறேன். அதுக்கு 12 இன்ச் சப்வூஃபர் வேண்டாம், உங்க டிக்கியே 204 லிட்டர்தான். முன் கதவுக்கு ஒரு 6.5 இன்ச் காம்போனென்ட் ஜோடி (ட்வீட்டர் தனியா வர்ற ஸ்பீக்கர்), 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒண்ணு, தகட்டு அதிர்வை அடக்கற டேம்பிங் ஷீட், நல்ல வயர். பின் கதவு ஸ்பீக்கரை விட்டுடுங்க. ஆம்போட பின் ரெண்டு சேனலை பிரிட்ஜ் பண்ணி (ஒண்ணாச் சேர்த்து) 8 அல்லது 10 இன்ச் சப்வூஃபர் ஒண்ணை அப்புறமா சேர்த்துக்கலாம்.

பெட்டி மேல 1,000 வாட்னு போட்டிருக்கறதைப் பார்க்காதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கற நிஜ வாட்) எவ்வளவுன்னு பாருங்க. 4 ஓம்ல சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் போதும். நாலு சேனலும் முழு மூச்சுல போனாக்கூட 200 வாட். கிளாஸ் ஏபி ஆம்ப் 60 சதவீதத் திறன்னா பேட்டரி பக்கம் 24 ஆம்பியர் இழுக்கும், கிளாஸ் டி-யா இருந்தா 18. பாட்டு சராசரியா அதுல மூணுல ஒரு பங்கு கூட இழுக்காது. அதனால பேட்டரி, ஆல்டர்னேட்டர் ரெண்டையும் தொட வேண்டியதில்ல. சந்தேகம் இருந்தா ராத்திரி ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஐடில்ல பேட்டரி முனையில வோல்ட் பாருங்க. 13.2-க்கு மேல நின்னா கவலை இல்ல. கபாசிட்டர்னு பளபளன்னு ஒரு டப்பா விப்பாங்க, வாங்காதீங்க.

வயர்லதான் ஏமாத்துவாங்க. 8 கேஜ்னு சொல்லி அலுமினியத்து மேல செம்பு பூசினதைக் கொடுப்பாங்க. ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். நிஜச் செம்பா இருந்தா 8 கேஜ்னா 8.4 சதுர மி.மீ. 5 மீட்டர் ஓட்டத்துக்கு 24 ஆம்பியர்ல கால் வோல்ட்தான் இழப்பு. பூசினதுல அது ஒன்றரை மடங்குக்கு மேல போகும். உப்புக்காத்து பட்டா முனையெல்லாம் வெள்ளைப் பொடியா உதிரும். எலக்ட்ரானிக்ஸ் கடை நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல வாங்கும்போது கடைக்காரர் முன்னாடியே சுரண்டிப் பாருங்க, யாரும் கோவிக்க மாட்டாங்க.

பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டிடுங்க. பாசிட்டிவ்ல எடுக்கற வயர்ல 45 செ.மீ.க்குள்ள ஃப்யூஸ் வரணும், 40 ஆம்பியர். ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாத்த இல்ல, வயர் எங்கயாவது தகட்டுல உரசி ஷார்ட் ஆனா வண்டி எரியாம காப்பாத்த. ஆம்ப் பக்கத்துல மட்டும் ஃப்யூஸ் வெச்சா நடுவுல இருக்கற 4 மீட்டருக்குப் பாதுகாப்பே இல்ல. ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) புதுசா ஓட்டை போடாதீங்க. மெயின் ஹார்னஸ் (வயர் கட்டு) போற ரப்பர் வழியா ஒரு கம்பியால துளைச்சு, வயர்ல சோப்புத் தண்ணி தடவி இழுங்க. பேனட்டுக்குள்ள கொருகேட்டட் ஸ்லீவ் கட்டாயம், சூட்டுக்கும் சரி, எலிக்கும் சரி. பவர் வயர் ஒரு பக்க பலகைக்குக் கீழே போனா ஆர்சிஏ கேபிள் (செட்லேருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டு போறது) எதிர்ப் பக்கம் போகட்டும்.

எர்த் வயர் அரை மீட்டருக்கு மேல போக வேண்டாம். சீட் பெல்ட் போல்ட்டுல மாட்டாதீங்க. பாடி தகட்டுல பெயின்ட்டை மின்னற வரைக்கும் சுரண்டி, வயர் முனையில லக்கை (உலோக வளையம்) ப்ரெஸ் பண்ணி, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேல பெயின்ட் அடிச்சு மூடிடுங்க. மூடாம விட்டா காசிமேடு, திருவொற்றியூர் காத்துல ஆறே மாசத்துல பச்சைக் களிம்பு ஏறும். அப்புறம் ஆம்ப் சூடாகுது, கட் ஆகுதுன்னு ஆம்பைக் குறை சொல்வோம்.

இப்ப கதவு. வேலையில பாதி இதுதான், சத்தத்துல முக்கால்வாசியும் இதுதான். உள் ஹேண்டில் பின்னாடி இருக்கற ஸ்க்ரூ, கைப்பிடிக்குள்ள இருக்கற ஸ்க்ரூ எடுத்துட்டு, கீழ் ஓரத்துலேருந்து பேனலைத் தட்டி இழுங்க. கிளிப் ரெண்டு மூணு உடையும், முன்னாடியே பத்து வாங்கி வெச்சுக்கோங்க. உள்ள கருப்புப் பசையோட பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதைக் கிழிச்சுத் தூக்கிப் போடாதீங்க. மழைத் தண்ணி பேனலுக்கு வராம தடுக்கறது அதுதான். வெளித்தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு 2 மி.மீ. ப்யூட்டைல் ஷீட்டை ஒட்டி, ரோலரால அழுத்துங்க. முழுசா ஒட்ட வேண்டாம், 30, 40 சதவீதம் மூடினா தகடு டப்பா சத்தத்தை விட்டுடும். மொட்டை மாடிக்கு ஒட்டற தார் ஷீட் மலிவா கிடைக்கும். மே மாசம் வெயில்ல நின்னா இளகி வழியும், நாத்தம் போகவே போகாது. கதவு அடியில வரிசையா இருக்கற வடிகால் ஓட்டையை மட்டும் எதாலயும் மூடிடாதீங்க. மூடினா கதவுக்குள்ள குளம் கட்டி, அடி மடிப்பு உள்ளிருந்தே துரு பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு அடியில வர்ற ஸ்பேசர் ரிங்கை எம்டிஎஃப்-ல (மரத்தூளை அழுத்தின பலகை) செய்யாதீங்க, ஒரு மழைக்காலத்துல அப்பளம் மாதிரி உப்பிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரிங் வாங்கலாம், இல்லைன்னா மரைன் பிளைல வெட்டி வார்னிஷ் மூணு கோட். கண்ணாடியை முழுசா இறக்கி, மேக்னெட் இடிக்கலன்னு பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவை இறுக்கணும். மூடறதுக்கு முன்னாடி 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கர் வயர்ல தொட்டுப் பாருங்க, பிளஸ்ல பிளஸ் பட்டா கோன் வெளியே வரணும். ஒரு கதவு தலைகீழா இருந்தா பாஸ் காணாமப் போகும். அது தெரியாம சப் வாங்க ஓடறவங்க நிறைய.

ஆம்பை சீட்டுக்கு அடியில வெச்சா தரையிலேருந்து ரெண்டு இன்ச் தூக்கி வையுங்க. உங்க ரூட்டுக்கு நான் பின் சீட் முதுகுப் பக்கம் பிளை அடிச்சு மாட்டுவேன். கார்பெட் நனைஞ்சாலும் ஆம்ப் தப்பிக்கும்.

ஆம்புல இருக்கற கெயின் குமிழைத் திருகுறது வால்யூம் கூட்டறதுக்கு இல்ல. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்துல வெச்சு, செட் வால்யூம் முக்கால்ல வெச்சு, 1,000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓட விடுங்க. ஆம்ப் அவுட்ல ஏசி வோல்ட் பாருங்க. 50 வாட், 4 ஓம்னா ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1 வோல்ட். அங்க நிறுத்துங்க. கதவு ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் (அதுக்குக் கீழே இருக்கற பாஸைத் தடுக்கற ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ். செட்ல டைம் டிலே இருந்தா டேப் வெச்சு அளந்து, பக்கத்துல இருக்கற வலது ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துங்க. 34 செ.மீ. வித்தியாசத்துக்கு ஒரு மில்லி செகண்டு.

கொளத்தூர்_கிளிப்:

சட்டப் பக்கம் ரெண்டே வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 182ஏ-ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும். சைலன்சரை மாத்தறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்கறது நேரா வம்புல கொண்டு விடும். ஆடியோவுக்கு அந்தத் தலைவலி இல்ல. ஆனா வண்டியோட வராத எலக்ட்ரிகல் பொருளுக்கு இன்ஷூரன்ஸ்ல தனியா ஐஎம்டி 24-ங்கற கூடுதல் பிரிவைச் சேர்க்கணும், மதிப்புல 4 சதவீதம் பிரீமியம். பில் இல்லாம வாங்கினா கிளெய்ம் கேக்க முடியாது.

வண்ணை_வண்டி:

எல்லாருக்கும் நன்றி. பின் இடது டிரம் சிக்கித்தான் இருந்தது, சரி பண்ணதுமே வண்டி லேசாயிடுச்சு. கதவு, ஆம்ப் முடிஞ்சது. இப்ப ஆக்சிலரேட்டர் கொடுத்தா ஸ்பீக்கர்ல கொய்ங்ங்னு ஒரு விசில் கூடவே ஏறுது. ரெண்டு நாள் நிறுத்தி வெச்சா செல்ஃபும் மந்தமா இருக்கு.

காசிமேடு_கிராஸ்ஓவர்:

ஆர்பிஎம் கூட ஏறற விசில் ஆல்டர்னேட்டர் சத்தம். முதல்ல போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, சில சமயம் அதோட முடிஞ்சுடும். போகலைன்னா செட்டை அணைச்சு, ஆர்சிஏ-வை ஆம்ப் பக்கம் கழட்டிட்டு எஞ்சினைப் போடுங்க. செட் ஓடும்போது பிடுங்காதீங்க, செட்டோட ஆர்சிஏ எர்த் எரிஞ்சு போகலாம். ஆம்பை ஆன் பண்ற ரிமோட் வயர்ல 12 வோல்ட் தனியா கொடுத்துப் பாருங்க. அப்பவும் விசில் இருந்தா ஆம்போட எர்த்துதான், திரும்பச் சுரண்டுங்க. விசில் நின்னுட்டா செட் பக்கம். செட்டோட கருப்பு வயரை ஃபேக்டரி கப்ளர்ல விடாம டேஷ்போர்டு பின்னாடி பாடி தகட்டுல நேரா எர்த் பண்ணுங்க. ஆம்ப் கெயினையும் பாருங்க, அது ஏறியிருந்தா இல்லாத சத்தமும் கேட்கும்.

செல்ஃப் மந்தம் வேற விஷயம். அனேகமா செட்டோட சிவப்பு வயரும் மஞ்சள் வயரும் ஒண்ணா சேர்த்திருப்பாங்க, செட் தூங்கவே இல்ல. மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டாத்தான் வரணும். ஆம்போட நீல ரிமோட் வயர் செட்டோட நீலத்துலேருந்துதான் வரணும், பேட்டரியிலேருந்து இல்ல. உறுதி பண்ண, நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல போட்டு, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் விடுங்க. மீட்டர் நடுவுல இருக்கும்போது செல்ஃப் அடிச்சுடாதீங்க, மீட்டர் போயிடும். 50 மில்லி ஆம்பியர் நின்னாலே 35 ஏஹெச் பேட்டரி ஒரு மாசத்துல காலி. ரெண்டே நாள்ல மந்தமாகுதுன்னா உங்களுக்கு அதைவிட ரொம்ப ஜாஸ்தியா காட்டும். அப்ப செட் ஃப்யூஸை எடுங்க, ரீடிங் விழுதான்னு பாருங்க. விழலைன்னா அடுத்தது ஆம்ப் ஃப்யூஸ்.