மறு: ‘டபுள் ஆப்ட்-இன்’னுக்கு என்ன சொல்? ‘இரட்டை ஒப்புதல்’ எனக்கு ஒப்பவில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

செய்தி மடலுக்குப் படிவத்தில் பதிந்தவரிடம், அவருடைய மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு அனுப்பி மறுபடி உறுதி கேட்கும் முறையை ஆங்கிலத்தில் ‘டபுள் ஆப்ட்-இன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நடக்கும் இந்த இழையை நான்கு நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் புதுப் புத்தகச் செய்தி மடலுக்குப் பதிவுப் படிவம் ஒன்றை நிரலாக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு தரவுத்தளத்தில் ஒரு புலத்துக்கு (தகவலைக் குறித்துவைக்கும் கட்டத்துக்கு) பெயர் வைக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட மடல், பொறுத்தருளுங்கள்.

> படிவத்தில் ஒருமுறை, மடலில் ஒருமுறை. இரண்டு தடவை ஒப்புக்கொள்வதால் இரட்டை ஒப்புதல். இதில் என்ன சிக்கல்?

இரண்டு தடவை ஒப்புக்கொள்வதே இல்லை ஐயா, அதுதான் சிக்கல். படிவத்தில் ஒரு முகவரியைத் தட்டுவது யாராகவும் இருக்கலாம். உங்கள் முகவரியை நான் தட்டலாம். ஓர் எழுத்து பிசகினால் முன்பின் தெரியாத ஒருவருடைய முகவரியாகவும் அது ஆகிவிடலாம். அந்த நொடியில் நம் கையில் இருப்பது வெறும் கோரிக்கை. நிரல் அதை ‘நிலுவை’ என்று குறித்துவைத்து, யாரும் ஊகிக்க முடியாத நீண்ட தற்போக்கு எண் ஒன்றை உருவாக்கி, அதை இணைப்பில் கோத்து மடல் அனுப்புகிறது. அந்த அஞ்சல் பெட்டியைத் திறக்கக்கூடியவர் பதில் சொல்லும்போதுதான் உரியவர் வாய் திறக்கிறார். ஆக, ஒப்புக்கொள்வது ஒரே தடவைதான். ‘டபுள்’ என்பது ஆங்கிலக்காரர்கள் அவசரத்தில் வைத்த பெயர். அதை நாம் ‘இரட்டை’ என்று சுமக்க வேண்டியதில்லை.

அடுத்தது ‘ஒப்புதல்’. தமிழ் நாளிதழ்களில் ஒப்புதல் தருவது யார்? அமைச்சரவை, ஆளுநர், நிர்வாகம். மேலிருந்து கீழே வருவது அது. என் படிவத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. வாசகர் உறுதி செய்த பிறகு நூலகர் ஒருமுறை பட்டியலைச் சரிபார்ப்பார். தொடக்கத்தில் தரவுத்தளத்தில் ‘ஒப்புதல்’ என்று ஒரே ஒரு புலம் வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், அது வாசகருடைய ஒப்புதலா நூலகருடைய ஒப்புதலா என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

‘சம்மதம்’ என்று தோழி ஒருவர் முன்மொழிந்திருந்தார். பேச்சில் உள்ள சொல், இனிமையான சொல். ஆனால் மௌனம் சம்மதம் என்பது நம் ஊர்ப் பழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டில் தலை குனிந்திருந்தாலே தட்டை மாற்றிவிடுவார்கள். இங்கே விதி நேர்மாறானது. முன்கூட்டியே டிக் போட்டுவைத்த கட்டத்தைப் பயனர் அழிக்காமல் விட்டது இசைவு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தெளிவான ஒரு செயலின் மூலம் வெளிப்பட்டதையே கணக்கில் கொள்கிறது. அதற்கான அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் படிக்க வழி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. நாம் வெட்டியாக மல்லுக்கட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் முன்மொழிவு: இசைவுறுதி.

இசைவு, ஒருவர் தானாக மனம் இசைந்து தருவது. உறுதி, அது உரியவரிடமிருந்தே வந்தது என்பதற்கு. அறிவு + உடைமை அறிவுடைமை ஆவதைப் போல இசைவு + உறுதி இசைவுறுதி, ஒலியும் உறுத்தவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தருவதும் ‘இசைவாணை’தானே என்று ஒருவர் கிளம்புவார். அதிகார வாடை அதில் ஒட்டியிருக்கும் ‘ஆணை’யிலிருந்து வருவது, இசைவின் மேல் பழி இல்லை.

‘உறுதி’யை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. சோதனை ஓட்டத்தில் ஒரே அலுவலகத்தின் முகவரிகளைக் கொண்டு மூவர் பதிந்தார்கள். மடல் போன சில நொடிகளிலேயே மூவரும் ‘உறுதி’ ஆகிவிட்டார்கள். அட, என்ன வேகம் என்று மகிழ்ந்தேன். விசாரித்தால், அவர்களில் ஒருவர் அன்று விடுப்பில், மலைப்பாதையில் பஸ்ஸில் இருந்திருக்கிறார். அந்த அலுவலகத்தின் அஞ்சல் வடிகட்டி, உள்ளே வரும் ஒவ்வொரு இணைப்பையும் தீங்கானதா என்று தானே திறந்து பார்த்திருக்கிறது. தவறு என்னுடையது. இணைப்பைத் திறந்தாலே, அதாவது பக்கத்தைக் காட்டச் சொல்லும் ‘கெட்’ கோரிக்கை வந்தாலே, நிலையை மாற்றும்படி எழுதியிருந்தேன். இப்போது இணைப்பு ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். அங்குள்ள பொத்தானை மனிதர் அழுத்தி, பதிலை அனுப்பும் ‘போஸ்ட்’ கோரிக்கை போனால்தான் இசைவுறுதி.

அந்தத் தற்போக்கு எண்ணை ஆங்கிலத்தில் ‘டோக்கன்’ என்பார்கள். அதற்கு ‘வில்லை’ என்ற தமிழாக்கம் வேண்டாம், ‘டோக்கன்’ போதும். பொங்கல் பரிசுக்கு நியாயவிலைக் கடையில் டோக்கன் வாங்காத தமிழர் குறைவு. குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட நாளில், ஒருமுறைதான் செல்லும். என் டோக்கனும் அப்படித்தான்: 48 மணி நேரம், ஒரே தடவை. (தரவுத்தளத்தில் அதன் ஹேஷை, அதாவது மூல எண்ணைத் திரும்பக் கண்டறிய முடியாத குறியை, மட்டுமே வைக்கிறேன்.)

பொத்தான்களில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். முதலில் ‘சந்தா சேர்க’ என்று வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, சந்தா எவ்வளவு? மணியார்டர் அனுப்பலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். சந்தா என்றால் நமக்குக் காசுதான். யூடியூப்பின் ‘குழுசேர்’ இங்கே பொருந்தாது, சேர்வதற்கு இங்கே குழுவே இல்லை. இப்போது படிவத்தில் ‘எனக்கும் அனுப்புங்கள்’, உறுதிப் பக்கத்தில் ‘ஆம், நான்தான் கேட்டேன்’, ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘போதும், நிறுத்துங்கள்’. மூன்றாவது கொஞ்சம் முறைப்பாக ஒலிக்கிறது என்று நூலகர் வருந்தினார். விலக நினைப்பவர் முறைப்பாகத்தான் இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும். நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோரிடம் ஒரே சொடுக்கில் விலகும் வசதியை ஜிமெயில் 2024 முதல் கட்டாயமாகக் கேட்கிறது. எங்களுக்கு 200 பேர் சேர்ந்தாலே திருவிழாதான். இருந்தாலும் அதையும் சேர்த்துவிட்டேன்.

நிலைகளின் பெயர்கள் இப்போதைக்கு: நிலுவை, இசைவுறுதி, விலகல். ஞாயிறு இரவு வரை மாற்றலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். திங்கள் காலை யாராவது ‘இரட்டை’யோடு வந்தால் பதில் சொல்ல மாட்டேன்.

அன்புடன்.