வாசித்து, பேசி, எழுதும் வகுப்புக்கு ஒரு சொல்: ‘உசாப்பயில்வு’

வணக்கம்.

வகுப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில் ‘ஒருங்கிணைந்த எழுத்தறிவு’ என்று ஒரு ஐயா தந்த சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் ஒன்றை வாசித்து, அதைப்பற்றித் தங்களுக்குள் பேசி, பேசியதை எழுதுகிற வகுப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம். அந்தச் சொல்லில் எழுத்து இருக்கிறது, அறிவு இருக்கிறது. பேச்சு எங்கே?

போன கிழமை முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் என் தரம் 4 வகுப்பில் நடந்தது இது. குளம் பற்றிய ஒரு பத்தி. ‘மேலதிக நீர் வெளியேறும்’ என்ற வரியை ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். விளங்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒருவன், “அது வான் பாயிறது டீச்சர்!” என்றான். அவ்வளவுதான், வகுப்பே இரண்டுபட்டுவிட்டது. வான் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம்) எப்போது பாயும், துருசை (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகை) திறந்துவிட்டால் வான் பாய்வது நிற்குமா என்று ஒரே வாக்குவாதம். கால் மணி நேரம் பேசவிட்டேன். அப்புறம் எழுதச் சொன்னேன். வழக்கமாக இரண்டு வரியோடு பென்சிலை வைத்துவிடும் அந்தப் பிள்ளை, அப்பா வான் தண்ணீருக்குள்ளால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். ‘மேலதிக நீர்’ என்ற சொல்லும் அதற்குள் சரியான இடத்தில் வந்திருந்தது. வாசிப்பிலிருந்து எழுத்துக்கு அவளைக் கூட்டிப்போனது அந்தக் கால் மணிப் பேச்சு. அது இல்லாத பெயர் எனக்கு வேண்டாம்.

குழுவில் ஒரு அக்கா சொன்ன ‘உரையாடல் வாசிப்பு’ நல்ல சொல். ஆனால் அதை ‘டயலாஜிக் ரீடிங்’குக்கு வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் எழுதிய முறை அது. சின்னப் பிள்ளையோடு படப்புத்தகம் பார்க்கும் பெரியவர் கேள்வி கேட்டுக் கேட்டுக் கதையைப் பிள்ளையின் வாயால் வரவைப்பது. அதில் எழுத்து வேலை கிடையாது.

என் முன்மொழிவு ‘உசாப்பயில்வு’. உசாவுதல் என்றால் கேட்டும் கலந்தும் ஆராய்தல். நம் ஆய்வேடுகளின் கடைசியில் ‘உசாத்துணை நூல்கள்’ என்று போடுகிறோமே, அதே உசா. ஒற்று மிகுவதும் அதேபோலத்தான். ‘பயில்வு’ வாசிப்பையும் எழுத்தையும் சேர்த்தே தாங்கும். மாணவன் பயிலும் முறையைச் சொல்லும் நன்னூலும் ‘வினாதல் வினாயவை விடுத்தல்’ என்று கேள்வி கேட்பதையும் விடை சொல்வதையும் அதற்குள் வைக்கிறது. ‘கலந்துரையாடல்’ கூட்டங்களுக்கு என்று ஆகிவிட்டது; அதை வகுப்புக்குள் கொண்டுவந்தால் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

‘உசார்’ என்று காதில் விழாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். “உசாவிறதெண்டா விசாரிக்கிறதுதானே?” என்று ஒரு அம்மா உடனே கேட்டார். எனக்கு அது போதும்.

வினையாக வரும்போது ‘உசாப்பயில்தல்’ கொஞ்சம் இடறுகிறது; ‘உசாவிப் பயில்தல்’ என்று விரித்துக்கொள்ளலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வரும் தவணைப் பாடக்குறிப்பில் இதைத்தான் எழுதப்போகிறேன்.