சீட் கவுல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பூட்டும் எளிதாக விழவில்லை

கேள்வி:

வணக்கம். என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தனியாக வாங்கிய ஃபைபர் சீட் கவுல் (அந்த இடத்தை மூடும் கூம்பிய மூடி) ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். முன்புறத்து நாக்கு தனக்குரிய பட்டைக்கு அடியில் தடையின்றி நுழைகிறது. இடது பக்கம் வால் பேனலோடு (இருக்கைக்குக் கீழே வண்டியின் பின்பகுதியை மூடும் பிளாஸ்டிக் தகடு) ஒட்டி அழகாக உட்காருகிறது. வலது பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 4 மி.மீ. இடைவெளி தெரிகிறது. உள்ளங்கையால், குறிப்பாக வலது பக்கத்தில், பலமாக அழுத்தினால்தான் பூட்டு விழுகிறது. விழுந்த பிறகு சாவியைத் திருப்பித் திறப்பதும் சிரமமாக இருக்கிறது. இவ்வளவு இறுக்கமாகப் பூட்டியும், ஓட்டும்போது பின்னால் எங்கிருந்தோ கடகடவென்ற சத்தம் வருகிறது. போதாக்குறைக்கு, கவுலின் அடியில் பூட்டுக் கொக்கியின் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் வலது போல்ட்டின் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பியிருக்கிறது.

தோற்றத்துக்காக, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பியான கிராப் ரெயிலையும் கழற்றிவிட்டேன். அதன் போல்ட்டுகளில் ஒன்றின் மரை தேய்ந்திருந்ததால், வலது பக்கத்துக்குக் கையிலிருந்த வேறொரு போல்ட்டைப் போட்டேன். ஹேர் டிரையரால் சூடாக்கிக் கவுலைச் சற்று வளைத்தால் இடைவெளி மறைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி 1:

ஹேர் டிரையரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சூடுபட்டால் இளகி, ஆறியதும் புதிய வடிவத்தில் நிற்பது ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கின் குணம். ஃபைபர் கவுல் என்பது கண்ணாடி இழைத் துணியில் ரெசின் ஊற்றி இறுகவைத்தது. ஒருமுறை இறுகிய ரெசின் மறுபடி உருகுவதில்லை. நீங்கள் சூடாக்கி வளைத்தால் பெயிண்ட் கொப்பளிக்கும், இப்போதுள்ள விரிசலும் நீளும்.

முதலில் கொக்கித் தகட்டைக் கவுலிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பூட்டே இல்லாமல் கவுலை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அது ஆடாமல், தாங்கு ரப்பர்கள் எல்லாவற்றின் மீதும் சமமாக உட்கார்ந்தால், கவுலின் வடிவத்தில் குறை இல்லை என்று கொள்ளலாம். ரப்பர்களைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொன்றின் தலையிலும் குழந்தைகள் விளையாடும் செயற்கைக் களிமண்ணைச் சிறு உருண்டையாக ஒட்டிவைத்துக் கவுலை மெல்ல அழுத்தி எடுங்கள். எந்த உருண்டை நசுங்காமல் நிற்கிறதோ, அங்கே ரப்பர் குட்டையாகவோ இடம் மாறியோ இருக்கிறது. பின்னிருக்கையைக் கழற்றும்போது ஒரு ரப்பர் அதன் அடிப்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போய்விடுவது அடிக்கடி நடக்கும். பழைய இருக்கையைத் திருப்பிப் பாருங்கள்.

பூட்டு கடினமாக விழுவதைப் பொறுத்தவரை, கொக்கி போதிய ஆழத்துக்கு இறங்கவில்லை என்றே நினைக்கிறேன். தகட்டுக்கும் கவுலுக்கும் இடையில் 1 மி.மீ. தடிமனுள்ள வாஷரை இரு பக்கமும் ஒன்றொன்றாகச் சேர்த்துச் சோதியுங்கள். அளவு மீறிச் சேர்த்தால் பூட்டு எளிதாக விழும், ஆனால் கவுல் பூட்டிலேயே ஆடும். விரலால் அழுத்தும்போது ரப்பர் சிறிது அமுங்கிப் பூட்டு விழுவதே சரியான அளவு.

மறுமொழி 2:

விரிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏபிஎஸ் கவுலாக இருந்தால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசலாம். ஃபைபருக்கு அந்த வழி உதவாது. விரிசல் முடியும் இடத்தில் 2 மி.மீ. துளை ஒன்றைப் போடுங்கள், அது மேலும் ஓடாமல் நிற்கும். பிறகு உட்பக்கத்தில் சுற்றிலும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி இழைத் துணியை இரண்டு அடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அணியாமல் இருந்துவிடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலிலும் அரிக்கும்.

போல்ட்டை நேரடியாக ஃபைபர் மீது முறுக்குவதுதான் விரிசலுக்குப் பாதிக் காரணம். எஃகோடு எஃகு சேரும் இடத்தில் எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தை ஃபைபர் தாங்காது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, கவுலின் தடிமனைவிட ஒரு மயிரளவு நீளமான இரும்புப் புஷ் (போல்ட் நுழையும் சிறு குழல்) ஒன்றை அதற்குள் இறக்கி, அகலமான வாஷரோடு இறுக்கினால், இறுக்கம் முழுவதையும் புஷ் வாங்கிக்கொள்ளும். ஃபைபருக்குத் தன் இடத்தில் நிற்கும் வேலை மட்டுமே மிஞ்சும். போல்ட் தளராமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்டே போதும். மரையில் ஊற்றும் பூட்டுத் திரவத்தை ஏபிஎஸ் பேனல்களின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அது பட்ட இடத்தில் ஏபிஎஸ் விரிசல் விடும்.

மறுமொழி 3:

எல்லோரும் கவுலையே பார்க்கிறோம். கேள்வியில் போகிறபோக்கில் சொல்லப்பட்ட கிராப் ரெயிலில்தான் எனக்குச் சந்தேகம். பல வண்டிகளில் கிராப் ரெயிலைப் பிடிக்கும் போல்ட்டுகளே வால் பேனலின் மேல் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ரெயிலைக் கழற்றினால் அதன் பட்டையின் தடிமன் அந்த இடத்திலிருந்து குறைந்துவிடுகிறது. அதே நீளமான போல்ட்டைத் திரும்பப் போட்டால், மரைத்துளையின் அடி மூடியிருக்கும் பட்சத்தில், பேனலை இறுக்குவதற்கு முன்பே போல்ட்டின் நுனி அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு இறுகியதுபோலத் தோன்றும், பேனல் மட்டும் தளர்ந்தே இருக்கும். குட்டையான போல்ட்டைப் போட்டால், ரெயில் இருந்த வெற்றிடத்துக்குள் பேனல் இழுபட்டுக் கீழே இறங்கிவிடும். வலது பக்கத்தில் நீங்கள் போட்ட ‘வேறொரு போல்ட்’ எவ்வளவு நீளம்? இடது பக்கப் பேனலைக் கையால் ஆட்டிப் பார்த்தீர்களா?

கேட்டவர்:

பார்த்தேன், ஆடுகிறது! அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று நான் நினைத்த இடது பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்திருக்கிறது. கொக்கித் தகட்டைக் கழற்றிவிட்டு வைத்தபோது கவுல் நான்கு ரப்பர்களிலும் சமமாக உட்கார்ந்தது, நான்கு உருண்டைகளும் நசுங்கின. ஆனால் வலது பக்கத்து இடைவெளி அப்படியே இருந்தது. வலது போல்ட் பழையதைவிட 8 மி.மீ. குட்டை. கவுல் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, பேனல்தான் இறங்கியிருக்கிறது. கிராப் ரெயிலின் பட்டையை அளந்து, அதே தடிமனில் இரண்டு அலுமினிய ஸ்பேசர்களைக் கடைந்து வாங்கி, இரு பக்கமும் ஒரே நீளமுள்ள போல்ட்டுகளோடு போட்டுவிட்டேன். கொக்கித் தகட்டுக்கும் கவுலுக்கும் இடையில் பக்கத்துக்கு ஒரு வாஷர் போதுமானதாக இருந்தது. இப்போது இரண்டு விரலால் அழுத்தினாலே பூட்டு விழுகிறது. விரிசலில் ஒட்டிய ரெசின் நேற்றுக் காய்ந்தது, புஷ்ஷும் இறக்கிவிட்டேன். இன்னும் இரு பக்கமும் 1 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அதையும் மூட வேண்டுமா?

மறுமொழி 3:

வேண்டாம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அதிர்வில் கவுலும் பேனலும் உரசிப் பெயிண்ட் தேய்ந்துவிடும். உறுத்தினால் கவுலின் உள்விளிம்பில் மெல்லிய ஸ்பாஞ்ச் டேப் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன், வால் விளக்குக்குப் போகும் ஒயர்கள் எதுவும் ரப்பருக்கும் கவுலுக்கும் நடுவில் மாட்டவில்லையா என்று ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.