நாவலில் வரும் தகவல் பிழைகளை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?

கேள்வி:
அண்மையில் ஒரு துப்பறியும் நாவல் வாசித்தேன். தொடக்கத்தில் இடக்கையை இழந்தவர் என்று அறிமுகமாகும் காவலாளி, பிற்பகுதியில் இரு கைகளாலும் கதவைத் தள்ளித் திறக்கிறார். அவர் ஊனமுற்றவரைப் போல நடிக்கிறார், கொலையாளி அவரே என்று முடிவுகட்டிக் கடைசிப் பக்கம்வரை காத்திருந்தேன். அது வெறும் கவனப்பிசகு என்று தெரிந்ததும் சலித்துப்போனது. இப்படிப்பட்ட பிழைகள் உங்களுக்கும் வாசிப்பைக் கெடுக்கின்றனவா?

மறுமொழி 1:
எனக்குக் கெடுப்பதில்லை. 1719-இல் வெளிவந்த ராபின்சன் குரூசோவில் நாயகன் உடைகளைக் களைந்துவிட்டு உடைந்த கப்பலுக்கு நீந்திச் செல்கிறான். கப்பலில் ஏறியதும் சட்டைப்பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். எந்தச் சட்டை என்று கேட்டுச் சிரித்துவிட்டு மேலே வாசிக்க வேண்டியதுதான். டான் குயிக்சாட் நாவலின் 1605-ஆம் ஆண்டு முதல் பாகத்தில் திருட்டுப்போன கழுதை, மீட்கப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லாமல் மீண்டும் நாயகனின் பணியாள் சான்சோவிடம் வந்துவிடுகிறது. வாசகர்கள் விடவில்லை போலும். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆசிரியர் செர்வாண்டிஸ் கதைமாந்தர்களையே அதைப் பற்றிப் பேசவைத்து, அச்சிட்டவரின் பிசகாகவும் இருக்கலாம் என்று சான்சோவின் வாயாலேயே சொல்லவைத்தார்.

மறுமொழி 2:
குரூசோவின் சட்டைப்பை இல்லாவிட்டாலும் கதை நகரும். கதையே பிழையின்மீது நிற்கும்போது என்ன செய்வது? 1954-இல் வெளியான லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ் நாவலில், தீவில் சிக்கிய சிறுவர்கள் தங்களில் ஒருவனான பிக்கியின் மூக்குக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள். பிக்கிக்கோ கிட்டப்பார்வை, அதற்கு அணிவது குழிலென்ஸ், அது ஒளியைக் குவிக்காது, விரிக்கும். கண்ணாடிக்காகவே பின்னால் அடிதடி நடப்பதால், இதைச் சிறு பிழை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் அந்நாவலை நான் விரும்புகிறேன் என்பது வேறு விஷயம். துப்பறியும் கதைக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. முரண்பாட்டைத் தேடும்படி வாசகரைப் பழக்குவதே அந்த வகை எழுத்து என்பதால், கேள்வி கேட்டவரின் சலிப்பு முற்றிலும் நியாயமானது.

மறுமொழி 3:
ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர்களைப் பாருங்கள். 1887-இல் வந்த முதல் நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குத் தோளில் குண்டடி. 1890-இல் வந்த இரண்டாவதில் அந்தக் காயம் காலுக்கு இறங்கிவிடுகிறது. ஜான் வாட்சனை ஒரு சிறுகதையில் மனைவி ஜேம்ஸ் என்று அழைக்கிறார். இதற்குத் துப்பறியும் நாவலாசிரியர் டாரதி சேயர்ஸ், ஜான் ஹெச். வாட்சன் என்பதிலுள்ள ஹெச் ஹேமிஷ் என்றும், ஜேம்ஸுக்கு இணையான ஸ்காட்லாந்துப் பெயர் அது என்றும் விளக்கம் கண்டுபிடித்தார். பிடித்த ஆசிரியர் என்றால் வாசகரே வழக்கறிஞராகிவிடுகிறார்.

உங்கள் நாவலின் ஆசிரியர் உயிரோடு இருந்தால், பதிப்பு ஆண்டையும் பக்க எண்களையும் குறிப்பிட்டுப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். லாரி நிவனின் அறிவியல் புனைகதையான ரிங்வேர்ல்ட் 1970-இல் முதலில் அச்சானபோது பூமி தவறான திசையில் சுழன்றது. அடுத்த அச்சுகளில் அதைத் திருத்திவிட்டார்கள். எழுதுவதற்கு முன், அது முதலில் தொடர்கதையாக வந்த நாவலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் எழுதி அனுப்பியவர், கை போன சங்கதியை நூலாக்கும்போதாவது சரிபார்த்திருக்க வேண்டும்.