சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஜப்பானிய ரயில் இதழ்களைத் தொடர்ந்து வாங்குவது எப்படி?

தண்டவாளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகோயாவில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகச் சிங்கப்பூர் வந்திருக்கிறேன். அங்கிருந்தவரை மாதந்தோறும் 21ஆம் தேதி புத்தகக் கடைக்குப் போய் 'தெத்சுதோ ஃபேன்' என்ற ரயில் இதழை வாங்குவது வழக்கம். மார்ச் மாதத்தில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனங்கள் ரயில் நேரங்களை மாற்றும்போது, ஏறத்தாழ ஆயிரம் பக்கம் வரும் ஜேடிபி நிறுவனத்தின் ரயில் கால அட்டவணையையும் சேர்த்து வாங்குவேன். இங்கே இவற்றை விடாமல் பெற நம்பகமான வழி எது? ஒவ்வொரு இதழாக இணையத்தில் வரவழைத்தால் அஞ்சல் செலவு இதழின் விலையையே எட்டிவிடுகிறது. மின்னிதழில் எனக்கு நாட்டமில்லை. வண்டிகளின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துப் பார்க்கவே விரும்புகிறேன். பழைய இதழ்கள் சிலவும் தேவைப்படுகின்றன.

நூலகன்

மாத இதழுக்கு முதலில் ஆர்ச்சர்ட் சாலையில் ஙீ ஆன் சிட்டிக்குள் இருக்கும் கினோகுனியாவுக்குப் போய்க் கேளுங்கள். 1983இல் லியாங் கோர்ட்டில் அவர்கள் திறந்த கடை இங்கு வாழும் ஜப்பானியக் குடும்பங்களுக்குப் பல்லாண்டுகள் பேருதவியாக இருந்து 2019இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஜப்பானிய இதழ்களுக்கு நான் நாடுவது ஆர்ச்சர்ட் கடையைத்தான். அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒவ்வொரு மாதமும் ஒரு பிரதியை உங்களுக்காக வரவழைத்து எடுத்துவைக்க முடியுமா என்று விசாரியுங்கள். ரயில் இதழ்களை வாங்குவோர் குறைவு என்பதால், எதேச்சையாகப் போகிறவருக்குக் கிடைக்கும் என்று எண்ணியிருக்க முடியாது.

சொல்லும்போது இதழின் பெயரோடு அதன் எண்ணையும் கொடுங்கள். பின்னட்டையில் கோட்டுக் குறியீட்டுக்கு (பார்கோடு) அருகே ஐந்து இலக்க எண்ணும், சிறுகோடும், அதையடுத்து இரண்டு இலக்கங்களும் இருக்கும். மாத இதழ்களில் ஐந்து இலக்கம் இதழுக்கு உரியது, கடைசி இரண்டும் மாதத்துக்கு உரியவை. 'தெத்சுதோ ஃபேன்' ஆகஸ்ட் 21 அன்று விற்பனைக்கு வரும்போது அதன் அட்டையில் அக்டோபர் என்றுதான் இருக்கும். "ஆகஸ்ட் இதழ் வேண்டும்" என்று எழுதினால் ஜூனில் வெளியானதுதான் வந்து சேரும். ஆகவே அட்டையில் உள்ள மாதத்தையே குறிப்பிடுங்கள்.

இங்கே ஒட்டப்படும் விலை, அட்டையில் அச்சிட்ட யென் விலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. ஜப்பானிய இதழ்களுக்கென ஓர் அலமாரி இந்த ஊரில் நீடிக்க வேண்டுமானால் நாம்தான் அங்கே வாங்க வேண்டும்.

கடல்வழி

நூலகன் ஐயா சொல்வது புதிய இதழுக்குச் சரி, ஆனால் கால அட்டவணைக்கும் பழைய இதழ்களுக்கும் நான் வேறு வழியைச் சொல்வேன். ஜப்பானில் புதிய புத்தகங்களும் இதழ்களும் பதிப்பாளர் குறித்த விலைக்கே விற்கப்படுவதால், எந்தக் கடை மலிவு என்று தேடி அலைவதில் பயனில்லை. செலவு ஏறுவதும் இறங்குவதும் அஞ்சலில்தான். அங்கே நண்பர் யாரேனும் இருந்தால், இதழ்களைச் சேர்த்துவைத்து அச்சிட்ட பொருள்களுக்கான கட்டணத்தில் கடல் அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் 5 கிலோ வரை போகலாம். வந்து சேர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும் என்றாலும், பழைய இதழுக்கு என்ன அவசரம்?

கட்டும் முறையில் கவனம் தேவை. ஜப்பானில் ஒரு முகவரி தந்து, அங்கு வரும் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒன்று என் இதழ்களை மெல்லிய உறையில் போட்டு அனுப்பியதில், நான்கு மூலைகளும் நசுங்கி, முதுகில் பசை விட்டுப் பக்கங்கள் கையோடு வந்தன. இப்போதெல்லாம் ஈரம் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, இருபுறமும் இதழைவிடச் சற்றே பெரிய கெட்டி அட்டை வைத்து, அசையாதபடி கட்டும்படி எழுதிக் கேட்கிறேன்.

வரிக் கணக்கையும் பாருங்கள். ஏற்றுமதி என்பதால் ஜப்பானின் 10 விழுக்காட்டு நுகர்வு வரியைச் சில விற்பனையாளர்கள் கழித்துவிடுவார்கள். மறுபுறம், 2023 முதல், 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேற்படாத பொருள்களுக்கும், இங்கே பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு.

தாள்மணம்

பழைய இதழ்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஜப்பானில் விற்காத இதழ்கள் மொத்த விநியோகஸ்தருக்குத் திரும்பிவிடும். அடுத்த இதழ் வந்ததும் முந்தையது அலமாரியில் இராது. எனவே விடுபட்டதைச் சாதாரணக் கடைகளில் தேடாமல் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். தோக்கியோ போகும் வாய்ப்பு அமைந்தால், கந்தா ஜிம்போச்சோவில் உள்ள ஷோசென் கிராண்டேயின் ரயில் தளத்தையும், அதே வட்டாரத்துப் பழைய புத்தகக் கடைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். வாங்குமுன் உள்ளே மடித்துவைத்த வரைபடம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் பலர் அதை மட்டும் உருவிக்கொண்டு இதழை விற்றுவிடுகிறார்கள்.

1967 முதல் வந்துகொண்டிருந்த 'தெத்சுதோ ஜர்னல்' 2025இல் நின்றுவிட்டது, அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன் இதழ்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றை முதலில் வாங்கிவிடுங்கள்.

தண்டவாளம்

மூவருக்கும் மிக்க நன்றி. மாத இதழுக்கு ஆர்ச்சர்ட் கடையில் சொல்லிவைக்கிறேன். கால அட்டவணையைக் கடல் அஞ்சலில் அனுப்பும்படி நாகோயா நண்பரிடம் கேட்கிறேன். 'ஜர்னல்' பழைய இதழ்களை இரட்டைப் பிரதியாக வைத்திருப்பவர் யாரேனும் இங்கே இருந்தால் தனிமடலில் தெரிவியுங்கள், நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.