பிளஸ் ஒன் பொதுத்தேர்வை ரத்து செய்தாயிற்று, இனி பள்ளிக்கூடம் எதற்கு?

கணக்கு வாத்தியார்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "அரசுப் பள்ளியின் நோக்கம் நல்ல குடிமக்களை உருவாக்குவது. அதனால் 2025-இல் தமிழக அரசு பிளஸ் ஒன் பொதுத்தேர்வை ரத்து செய்தது சரி." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் கேட்கிறேன். 2017-18-இல் அந்தத் தேர்வு வருவதற்கு முன்னால் எத்தனை தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் பாடத்தை நடத்தினார்கள்? சேர்ந்த மாதமே பன்னிரண்டாம் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வருஷமும் அதையே உருப்போட வைத்தார்கள். பதினொன்றாம் புத்தகம் மடிப்புக் கலையாமல் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

தேனிக்காரி:
அந்த "ஒருவர்" நான்தான் சார். பெயரைச் சொல்லியே திட்டலாம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பொதுத்தேர்வு வைத்தால் பிள்ளை எப்போது மூச்சு விடும்?

கணக்கு வாத்தியார்:
மூச்சு இருக்கட்டும். பதினொன்றாம் பாடத்தை நடத்தினார்களா, இல்லையா?

வெட்டிப்பேச்சு:
தேர்வு வந்தபிறகு மட்டும் நடத்திக் கிழித்தார்களா? நான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதியவன். எங்கள் இயற்பியல் சார் புத்தகத்தை வாங்கி, "இது வரும், இது வராது" என்று பென்சிலால் அடித்துக் கொடுத்தார். சுழற்சி இயக்கத்தில் பாதி போயிற்று. அப்புறம் நீட் பயிற்சி மையத்தில் காசு கட்டி அதே பாதியைப் படித்தேன்.

கணக்கு வாத்தியார்:
தம்பி, பாதியாவது நடத்தினாரே! நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் நீட்டில் பதினொன்றாம் பாடமும் உண்டு. அதை நடத்தாமல் விட்டால் அடிபடுவது யார்? பயிற்சி மையத்துக்குப் போகக் காசில்லாத பிள்ளைதானே?

தேனிக்காரி:
பாடம் நடத்தாதது வாத்தியாரின் குற்றம். தண்டனை மட்டும் பிள்ளைக்கா? போய் ஆய்வு செய்யச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
ஆய்வு! அதிகாரி வரும் அன்று மட்டும் மேசையில் பதினொன்றாம் புத்தகம் இருக்கும். எனக்கே காது குத்துகிறீர்களா?

மௌனசாட்சி:
கல்வியின் நோக்கம் வேலையா, அறிவா, குடிமைப் பண்பா? முதலில் அதைப் பேசிவிட்டு மேலே போகலாமே.

வெட்டிப்பேச்சு:
வாத்தியார் சாரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

கணக்கு வாத்தியார்:
அது என் வீட்டு விஷயம். 2017-இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியபோதும் நீங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டீர்கள், மறக்கவில்லை.

வெட்டிப்பேச்சு:
அப்போதும் நீங்கள் பதில் சொல்லவில்லை. நானும் மறக்கவில்லை.

தேனிக்காரி:
இவர் "குடிமக்கள்" என்ற சொல்லைக் கேலி செய்ததற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார்:
எங்கே கேலி செய்தேன்? நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டேன். அதுவே கேலியாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய? சரி, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். 2017-க்கு முன்னால் பதினொன்றாம் பாடத்தை நடத்தினார்களா, இல்லையா?

வெட்டிப்பேச்சு:
இரண்டாவது முறை சார். கணக்கு வாத்தியாருக்கே எண்ணத் தெரியவில்லை.

கணக்கு வாத்தியார்:
முதல் பதிவிலேயே ஒரு முறை கேட்டாயிற்று. மேலே போய் எண்ணிப் பாருங்கள். பென்சிலால் அடித்த பாடத்தில் எண்களும் போய்விட்டனவோ?