ஞாயிறு பாய்மரப் படகு ரேஸுக்குப் பாயிண்ட் கணக்கிட எந்த சாஃப்ட்வேர் நல்லது?

செம்பூர்வாசி:

வணக்கம். மும்பை துறைமுகத்துக்குள் ஞாயிறுதோறும் பாய்மரப் படகு ஓட்டும் ஒரு சின்னக் குழுவில் என் மகளும் இருக்கிறாள். அக்டோபரில் ஆரம்பித்து மழைக்கு முன்னால் மே மாதம் வரை சீசன். 14 படகுகள் பதிவாகியிருக்கின்றன, ஆனால் ஒரு ஞாயிறுக்கு எட்டு ஒன்பது வந்தால் அதிகம், பரீட்சை நேரத்தில் அதுவும் கிடையாது. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள், ஆபீஸில் நாள் முழுக்க எக்ஸெலோடுதான் இருக்கிறேன் என்பதால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

போன மாதம் பெரிய தப்பு ஒன்று நடந்துவிட்டது. முதலில் வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2, இப்படிப் போட்டுக் கடைசியில் யாருடைய மொத்தம் குறைவோ அவர்தான் ஜெயித்தவர். ரேஸை முடிக்காத படகுக்கு நான் அந்தக் கட்டத்தில் டி.என்.எஃப் என்று மட்டும் எழுதிவைத்தேன். எக்ஸெல் கூட்டும்போது எழுத்து வந்தால் அதைத் தாண்டிப் போய்விடும், பூஜ்யம் போட்ட மாதிரிதான். ஆறு ரேஸில் இரண்டை முடிக்காத பையன் பட்டியலில் முதல் ஆளாக வந்துவிட்டான். படகுத்துறையில் அவன் பெயரை வாசித்து, மெடலும் போட்டாயிற்று. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் அவனிடமே சொன்னேன். பன்னிரண்டு வயது. ரிப்பனை மெடலைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றி என் கையில் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இதற்கென்றே ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கிறதா? குழுவிடம் பணம் இல்லை, இலவசமாக இருந்தால் நல்லது. படகில் இன்டர்நெட் கிடைப்பதையும் நம்ப முடியாது.

முத்துநகரான்:

செயில்வேவ் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும், நெட் தேவையில்லை. உலகம் முழுக்கச் சின்னச் சின்ன கிளப்புகள் அதைத்தான் வைத்திருக்கின்றன. படகுகளின் பட்டியலை எக்ஸெலிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து உள்ளே கொண்டுவரலாம். ரேஸ் முடிந்ததும் பாயில் எழுதியிருக்கும் பாய் எண்களை முடித்த வரிசையில் தட்டிக்கொண்டே போனால் போதும். டி.என்.எஃப், ஓ.சி.எஸ் (தொடங்கும் முன்பே கோட்டைத் தாண்டியது), டி.எஸ்.க்யூ (தகுதி நீக்கம்) எல்லாவற்றுக்கும் எத்தனை பாயிண்ட் என்று அதுவே போட்டுவிடும், உங்களுக்கு நடந்தது அதில் நடக்காது. எத்தனை ரேஸ் ஆனால் எத்தனை மோசமான பாயிண்டை மொத்தத்தில் சேர்க்காமல் கழிக்கலாம் என்பதையும் முதலிலேயே கொடுத்து வைக்கலாம்.

சமமாக வந்தால் அதையும் பார்த்துக்கொள்ளும். கழித்தது போக ஒருத்தருக்கு 1, 3, 3, 4, 4, இன்னொருத்தருக்கு 2, 2, 2, 4, 5 என்று வையுங்கள். இரண்டும் 15தான். விதிப்படி அவரவருடைய நல்ல இடத்திலிருந்து வரிசையாக ஒப்பிட வேண்டும், ஒரு முதலிடம் வைத்திருப்பவர் அங்கேயே ஜெயித்துவிடுவார். அதிலும் பிரியவில்லை என்றால் கடைசி ரேஸில் யார் முன்னால் வந்தார் என்று பார்ப்பார்கள். எக்ஸெலில் வரிசைப்படுத்தினால் இதெல்லாம் வராது, ஏற்கெனவே மேலே இருந்த பெயர் மேலேயே நிற்கும்.

அந்தப் பையனிடம் நேரில் போய்ச் சொன்னீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம் சார்.

முலுண்ட் அக்கா:

சாஃப்ட்வேருக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், உங்கள் போட்டி அறிவிப்பில் ஏ5.3 விதி பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா? பாய்மரப் படகுப் போட்டிக்கான உலக அமைப்பு வேர்ல்டு செயிலிங், அதன் விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பு ஏ-யில் இருக்கிறது. இது இல்லாமல் சீசன் முழுக்க ஓடும் தொடரை நடத்தினால் குழந்தைகளுக்கு அநியாயமாகிவிடும், இதற்காக நான் இரண்டு வருஷம் எங்கள் குழுவில் சண்டை போட்டிருக்கிறேன்.

சாதாரண விதிப்படி, ரேஸை முடிக்காத படகுக்குத் தொடரில் பதிவான படகுகளைவிட ஒன்று கூடுதலாகப் பாயிண்ட். உங்கள் கணக்கில் 15. வீட்டிலேயே தூங்கினவனுக்கும் அதே 15. வெயிலில் வந்து, படகை இறக்கி, பாதி வழியில் சுக்கான் உடைந்து கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட குழந்தைக்கும் 15 என்றால் அடுத்த வாரம் அது எதற்கு வரும்? ஏ5.3 சேர்த்துவிட்டால் அன்றைக்குத் தொடக்க இடத்துக்கு வந்த படகுகளைவிட ஒன்றுதான் கூடுதல். எட்டு வந்திருந்தால் 9. வராதவருக்கு மட்டும் 15.

செயில்வேவில் இதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக வராது. அப்புறம் இன்னொன்று. தொடக்க இடத்துக்கு யார் வந்தார்கள் என்று எழுதிவைக்காவிட்டால் இந்த விதியால் பிரயோஜனமே இல்லை. தொடக்கத்துக்கு முன்னால் எச்சரிக்கைக் கொடி ஏறும்போதே, ரேஸை நடத்துபவர்கள் இருக்கும் கமிட்டி படகிலிருந்து ஒருவர் எல்லாப் பாய் எண்களையும் டிக் அடித்துவிட வேண்டும். சீசன் நடுவில் விதியை மாற்றுவதானால் எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் கொடுங்கள், வாட்ஸப்பில் ஒரு வரி போட்டால் போதாது.

செம்பூர்வாசி:

அக்கா, எங்கள் அறிவிப்பில் அது இல்லை. இன்றைக்கே குழுவில் பேசுகிறேன். இன்னொரு சந்தேகம். ஜனவரியிலிருந்து ஆப்டிமிஸ்ட் என்ற குழந்தைகளின் சின்னப் படகு, லேசர் என்ற வேகப் படகு எல்லாம் ஒரே ரேஸில் விடலாம் என்கிறார்கள். லேசர் எப்படியும் முன்னால் போய்விடுமே?

முத்துநகரான்:

அதற்கு போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக். ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு, மெதுவான படகுக்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை விநாடியாக்கி, 1000ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். கணக்குக்குச் சுலபமாக வேகப் படகுக்கு 1100, மெதுவானதற்கு 1650 என்று வையுங்கள். முதலாவது 55 நிமிஷத்தில் முடித்தால் 3300 விநாடி, திருத்திய நேரம் 3000. இரண்டாவது 80 நிமிஷம் எடுத்தாலும் 4800 விநாடி, திருத்தினால் 2909. மெதுவான படகு 91 விநாடியில் ஜெயிக்கிறது. நிஜ எண்களைப் பிரிட்டனின் பாய்மரப் படகுச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் பட்டியலில் பாருங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள், பழைய தாளை வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

ஆனால் மும்பையில் ஒரு சிக்கல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே நீர்மட்டம் சில சமயம் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும், அதனால் நீரோட்டம் பலமாக இருக்கும். எங்கள் ஊர்க் கடலில் இதை நீவாடு என்போம். நீவாடு எல்லாப் படகையும் ஒரே வேகத்தில்தான் பின்னால் தள்ளும், ஏற்கெனவே மெதுவாகப் போகிற சின்னப் படகுக்கு அந்த அடி பல மடங்கு. துறைமுகத்தில் இருக்கும் சன்க் ராக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் நகராமல் நின்ற ஆப்டிமிஸ்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். யார்ட்ஸ்டிக் அதைச் சரிசெய்யாது. அந்த மாதிரி நாளில் மிதவைகளைக் கிட்டக்கிட்டப் போட்டுப் பாதையைச் சுருக்குங்கள், இல்லை ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நீர் நிற்கும் நேரமாகப் பார்த்து ரேஸை விடுங்கள்.

முலுண்ட் அக்கா:

நேரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எல்லாம் ஒரே கடிகாரத்தில் இருக்கட்டும். தொடக்க நேரம் கொடிதான், ஹாரன் சத்தம் அல்ல. முடிவுக் கோட்டில் ஒருவர் பாய் எண்ணை உரக்கச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும், நாலு படகு மொத்தமாக வந்தால் வரிசையை முதலில் எழுதிவிட்டு நேரத்தை அப்புறம் நிரப்பலாம். பென்சில் வையுங்கள், பேனா மை தண்ணீர் பட்டால் போய்விடும். தாளைத் தூக்கிப்போடாதீர்கள்.

செம்பூர்வாசி:

ரொம்ப நன்றி. பழைய ஆறு ரேஸையும் தாள்களைப் பார்த்து செயில்வேவில் ஏற்றிவிட்டேன், குழுவும் ஒத்துக்கொண்டதால் ஏ5.3 போட்டும் பார்த்தேன். அந்தப் பையன் நாலாவது இடத்தில் வருகிறான். மூன்றாவது ரேஸுக்கு எட்டுப் படகு வந்ததா ஒன்பதா என்று தாளில் இல்லை. மகள் போனில் அன்றைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது, கொடிக்குப் பின்னால் தெரிந்த பாய்களை இரண்டு பேரும் பெரிதாக்கி எண்ணினோம். ஒன்பது.